உஷார்! கொட்டாங்குச்சிப் பயறும் பஸ் ஸ்டாண்டு பேனரும்

பஸ் ஸ்டாண்டு எதிரே, டீக்கடைக்கு மேலே, இருபதடி அகலத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். ‘எல்.கே.ஜி. முதல் அட்மிஷன் நடைபெறுகிறது.’ ஒரு ஓரத்தில் தாளாளர் கைகூப்பி நிற்கிறார். மறு ஓரத்தில் மஞ்சள் வேன். நடுவில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பையன், முளைவிட்ட பயறு நிறைந்த கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். பஸ்ஸுக்காக நின்றிருந்த எனக்கு முதலில் அடையாளம் தெரிந்தது அந்தக் கொட்டாங்குச்சிதான். வெள்ளை பெயின்ட்டில் ‘4’ என்று அதில் எழுதியதே நான்தான். அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். என் இரண்டாம் வகுப்புப் பையன். படம் எடுத்ததும் நான்தான்.

பேனரில் இருந்தது எங்கள் பள்ளியின் பெயர் இல்லை.

மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் அவன் அம்மா வந்துவிட்டார். “ஏன் டீச்சர், எம் புள்ளைய அந்த இங்கிலீஷ் ஸ்கூலுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா? தெருவுல எல்லாரும் ஃபீஸு எவ்ளோன்னு கேக்குறாங்க.” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எப்படி நடந்தது என்று ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். பயறு முளைப்பதை நாளுக்கு ஒரு படமாக எடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டுவது எங்கள் செயல்திட்டம். பள்ளியில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா இருந்தது, முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்தது. பன்னிரண்டு படம் பிரின்ட் போட வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஃப்ளெக்ஸ் டிசைன் எல்லாம் ஒரே இடத்தில். மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். “வச்சிட்டுப் போங்க டீச்சர், டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ரெடி” என்றான் கடைப் பையன். ரெடியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கார்டில் ஜூன் மாதத்திலிருந்து எடுத்த அத்தனை படமும் இருந்தது. அவன் முழுக் கார்டையும் கம்ப்யூட்டரில் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அந்தப் பன்னிரண்டைத் தேடியிருக்கிறான். வேலை முடிந்ததும் அழிக்க அவனுக்கு ஞாபகமில்லை. அழிக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பள்ளியிடமிருந்து பேனர் ஆர்டர் வந்தது. சிரிக்கிற குழந்தை ஒன்று வேண்டும். நெட்டில் தேடினால் வெள்ளைக்காரக் குழந்தைகளாக வந்து விழுகிறது. டெஸ்க்டாப்பில்தான் நம்ம ஊர்ப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்களே!

விசாரித்தபோது கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பள்ளிக்காரர்களும் பதறிப்போய் பேனரைக் கழற்றச் சொன்னார்கள். வில்லன் என்று கைகாட்ட ஒருவர்கூட இந்தக் கதையில் இல்லை. எனக்கு நடுக்கம் தருவது அதுதான். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத நாலு பேர் கை மாறியே ஒரு ஏழு வயதுக் குழந்தையின் முகம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறது. நடுவில் ஒருவன் கெட்ட எண்ணத்தோடு கை நீட்டியிருந்தால்?

கேமராவே வகுப்புக்குள் வரக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது என்ன செய்யும் என்று. ‘வட்டம் தேடிப் படம் எடுத்து வா’ என்று அனுப்பினால் ஒருத்தி சத்துணவு அண்டாவின் மூடியை எடுத்து வருவாள், ஒருவன் சைக்கிள் டயரை எடுத்து வருவான், இன்னொருவன் வழுக்கை விழுந்த வாட்ச்மேன் தாத்தாவின் தலையை மேலே இருந்து எடுத்து வருவான். (அதற்கு நான் ‘மிக நன்று’ போட்டேன்.) கடைப் பலகைகளில் ‘ழ’ எங்கே இருக்கிறது என்று தேடிப் படம் எடுத்த பிள்ளைக்கு அந்த எழுத்து ஆயுசுக்கும் மறக்காது. ஆறு மாதம் வாயே திறக்காத ஒரு பெண், தான் எடுத்த ஆட்டுக்குட்டிப் படத்தைச் சுவரில் பார்த்ததும், “இது பேரு மணி, இதுக்குக் காய்ச்சல்” என்று பேச ஆரம்பித்தாள். எழுதத் தெரியாத வயதில் கேமராதான் அவர்களுடைய பென்சில். அதைப் பிடுங்க எனக்கு மனசு வராது.

ஆனால் ‘கிளிக்’ என்ற சத்தத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம் பாருங்கள், ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. படம் எடுத்தபின் அது எங்கெங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

முதலில் அந்தக் கார்டு. ‘டெலிட்’ கொடுத்தால் படம் போய்விட்டது என்று நாமெல்லாம் நம்புகிறோம். போகாது. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டால் அந்தப் பாடம் கிழிந்துவிடுமா? அதே மாதிரிதான். கேமரா ‘இந்த இடம் காலி, மேலே எழுதிக்கொள்ளலாம்’ என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. அதன்மேல் வேறு படம் பதியும்வரை பழைய படம் உள்ளேயே கிடக்கும். கேமராவிலேயே சட்டென்று செய்யும் ‘ஃபார்மட்’டும் பெரும்பாலும் இதே கதைதான். மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கல்யாண வீட்டுப் படம் அழிந்துபோய் அழுதவர்களுக்கு ஸ்டுடியோக்காரர் திருப்பி எடுத்துக் கொடுத்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு உதவிய அதே வித்தை உங்கள் வகுப்புக் கார்டிலும் வேலை செய்யும். அதனால் வகுப்புக் கார்டு கடைக்குப் போகவே கூடாது. பிரின்ட் வேண்டுமென்றால், தேவையான பன்னிரண்டை மட்டும் ஒரு புது பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள், கண் எதிரே பிரின்ட் போடச் சொல்லுங்கள், கண் எதிரே அழிக்கச் சொல்லுங்கள். ‘ரீசைக்கிள் பின்’னையும் சேர்த்து. கடைப் பையன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். பழைய கேமராவைத் தூக்கிப் போடும்போதோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதோ கார்டை உள்ளேயே விட்டுக் கொடுக்கிற புண்ணியவான்களும் உண்டு. கார்டை உடைத்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது, நம்ம ஊர்ப் பள்ளிகளுக்கே உரிய ஒரு சமாச்சாரம். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, பாட்டும் கதையும் செயல்பாடுமாக நடத்துகிற திட்டம். வகுப்பறை உயிர்பெற்றது உண்மை. கூடவே போட்டோவும் பெருத்தது. செயல்பாடு நடந்ததற்குப் படம், காலை உணவு சாப்பிட்டதற்குப் படம், மரக்கன்று நட்டதற்குப் படம், கை கழுவியதற்குப் படம். ‘பாடம் நடத்துறோமோ இல்லையோ, போட்டோ அனுப்பிடணும்’ என்று ஸ்டாஃப் ரூமில் புலம்பாத ஆசிரியர் உண்டா? அந்தப் படத்தை உண்மையிலேயே அந்த இடத்தில்தான் எடுத்தோம் என்று காட்ட, ஜிபிஎஸ் மேப் கேமரா மாதிரி ஒரு ஆப். படத்தின் அடியில் குட்டி வரைபடம், ஊர், தெரு, மாவட்டம், பின்கோடு, அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், எல்லாவற்றையும் பட்டை போட்டு அச்சடித்துத் தரும்.

அந்த எண்களின் அர்த்தத்தை ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஒரு டிகிரி அட்சம் என்பது சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்கு அப்புறம் ஐந்தாவது இலக்கத்துக்கு வந்தால் அது ஒரு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். போன் அவ்வளவு துல்லியமாகப் பிடிப்பதில்லை, சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் எந்தக் கட்டடம் என்று சொல்ல அது போதும், தாராளமாகப் போதும். குழந்தையின் முகம், அவள் நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர் பேட்ஜ், அவள் எந்த நேரம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறாள், மூன்றும் ஒரே படத்தில். ஊரைச் சுற்றி வருகிற ஒரு அந்நியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூட வாசலில் நின்று, “பாப்பா, உன் பேரு இதுதானே? உங்கம்மா அனுப்பினாங்க” என்று சொல்ல இதுவே எதேஷ்டம்.

அலுவலகத்துக்கு அனுப்புவது அலுவலகத்தோடு நின்றால் சரி. நிற்பதில்லையே! அதே படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறோம், குரூப்பில் போடுகிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாமல் படத்துக்குள் பதிந்திருக்கும் லொகேஷன் விவரம் உதிர்ந்துவிடும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினாலோ, டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தாலோ, அந்த விவரம் அப்படியே கூடப் போகும். அடியில் அச்சடித்த பட்டை இருக்கிறதே, அதை எந்த வழியில் அனுப்பினாலும் அழியாது. அது எழுத்து இல்லை, படத்தின் ஒரு பாகம்.

இந்த இடத்தில் அந்தப் பழைய டிஜிட்டல் கேமராவுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அதில் பெரும்பாலும் ஜிபிஎஸ் கிடையாது. நெட் கிடையாது. எடுத்த படம் நீங்கள் கார்டைக் கழற்றுகிற வரை எங்கேயும் போகாது. செல்போன் அப்படியா? பேக்கப் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் சொந்த போனில் எடுத்த வகுப்புப் படம் அன்று ராத்திரிக்குள்ளேயே கூகுள் போட்டோஸுக்கு ஏறிவிடுகிறது. முகம் பார்த்துப் படங்களைப் பிரிக்கும் வசதியை நீங்கள் விட்டுவைத்திருந்தால், ‘இவர் யார்?’ என்று உங்கள் மாணவியின் வட்டமுகத்தைக் காட்டி அதுவே பெயர் கேட்கும். ஆசிரியரின் போனை வீட்டில் மகனும் நோண்டுவான், மச்சினனும் நோண்டுவான். 2024-ல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கைக்கணினி கொடுத்தது. அதில் எடுத்தாலும் எங்கே ஏறுகிறது என்று அமைப்புகளில் போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள்.

குரூப்பைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பேனர் விவகாரத்துக்குப் பிறகு நடந்தது இது. ‘எங்கள் குடும்பம்’ பாடத்துக்காகப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் குழுப் படம் எடுத்தேன். பெற்றோர் குரூப்பில் போட்டேன். கைதட்டல், ஹார்ட், ‘சூப்பர் டீச்சர்’. மாலை ஒரு அம்மா தனியாக வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இவங்க அப்பாவ விட்டுட்டு நாங்க ஊரு மாறி வந்துருக்கோம். இவ எங்க படிக்கிறான்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சா வந்து தூக்கிட்டுப் போயிருவாரு. அந்தப் படத்துல ஸ்கூல் பேரு தெரியுது.” அவர் குரல் நடுங்கியது. குரூப்பில் முப்பத்திரண்டு பேர். உடனே அழித்தேன்தான். அதற்குள் எத்தனை போனின் கேலரியில் தானாக இறங்கியிருக்கும்? எந்த அம்மா தன் மகன் படம் என்று ஸ்டேட்டஸ் வைத்தார்? அந்த ஸ்டேட்டஸை அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பார்த்தாரா, அந்தத் தம்பிக்கு அந்த ஆளைத் தெரியுமா? ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. பள்ளி கேட்டில் பைக் நின்றாலே எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை.

ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கும் என்று வைத்துக்கொண்டே நடங்கள். காப்பகத்திலிருந்து வருகிற பிள்ளை இருக்கலாம், ஏதோ ஒரு வழக்கில் பாதிக்கப்பட்ட, சாட்சியான பிள்ளை இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டுகிற படம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது என்று 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74-வது பிரிவு சொல்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. எந்தக் குழந்தைக்கு என்ன கதை என்று நமக்கு யாரும் பட்டியல் கொடுத்துவிடப் போவதில்லை.

கேமரா வீட்டுக்குப் போனால்...

‘கேமரா இன்று உன் வீட்டுக்கு வருகிறது’ என்று ஒரு செயல்திட்டம் உண்டு. நாளுக்கு ஒரு பிள்ளை கேமராவை வீட்டுக்கு எடுத்துப் போய், தனக்குப் பிடித்ததைப் படம் எடுத்து வரும். கேட்க அழகாக இருக்கிறதா? நானும் மயங்கித்தான் செய்தேன். வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. நாம் மறந்துபோன எல்லாமே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மெத்தைக்கு அடியில் செருகிய நோட்டுக்கட்டு. பாங்கு பாஸ்புக்கின் திறந்த பக்கம். காலண்டர் தாளில் எழுதிய நாலு இலக்க எண், அதற்கு மேலே ‘ஏ.டி.எம்.’ என்று தெளிவாக. வாசல் சாவி தொங்கும் ஆணி. லுங்கி விலகித் தூங்கும் அப்பா. குளித்துக்கொண்டிருக்கும் தம்பிப் பாப்பா.

கடைசிப் படத்தைப் பார்த்ததும் கை நடுங்கியது. எடுத்த பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை, தம்பி மேல் இருந்த ஆசையில் எடுத்திருக்கிறாள். ஆனால் ஆடையில்லாத ஒரு குழந்தையின் படம் இப்போது பள்ளிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ‘இதைப் பாருங்களேன், என்ன குறும்பு’ என்று பக்கத்து டீச்சருக்கு அனுப்பிவிடாதீர்கள். தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். ஹெச்.எம்.மிடம் சொல்லி, அம்மாவை வரவழைத்து, அவர் எதிரிலேயே நிரந்தரமாக அழித்தேன். இது கள்ளமில்லாத வீட்டுப் படம். வேறு மாதிரி இருந்தால், அதாவது படத்தைப் பார்த்தாலே குழந்தைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்று மனசில் பட்டால், நீங்களாக விசாரணை நடத்தக்கூடாது, யாருக்கும் அனுப்பவும் கூடாது. 1098-க்கோ காவல் துறைக்கோ உடனே சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதே போக்சோவில் குற்றம். குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்களை வைத்திருப்பது, பார்ப்பது பற்றி 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மிகக் கடுமையான தீர்ப்பு ஒன்று கொடுத்தது. அந்த வழக்கு கிளம்பியது நம் சென்னையிலிருந்துதான்.

கேமரா வீட்டுக்குப் போகிற திட்டத்தை நான் அன்றோடு நிறுத்திவிட்டேன். வீட்டைப் பற்றி வரையச் சொல்கிறேன். கிரேயானில் ஏ.டி.எம். நம்பர் வருவதில்லை.

“இவ்வளவு பயப்படணுமா டீச்சர், நம்ம ஊர் ஸ்கூல் படத்தை யாரு பாக்கப் போறா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு மழலையர் பள்ளி. சுவரோவியத்துக்கு முன்னால் தூரிகையைப் பிடித்தபடி சிரிக்கும் இரண்டு பொடியன்கள், மூன்று வயதும் நாலு வயதும். நாமெல்லாம் எடுக்கிற படம்தான். 2024 ஜூலையில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அந்தப் படத்தை எங்கே கண்டுபிடித்தது தெரியுமா? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பழக்கப் பயன்படுத்திய ‘லயான்-5பி’ என்ற பிரம்மாண்டத் தொகுப்பில், அந்தப் படத்துக்கான இணைப்பு இருந்தது. கூடவே இருவரின் முழுப் பெயர், வயது, பள்ளியின் பெயர். 585 கோடி படங்களைச் சுட்டும் அந்தத் தொகுப்பில் அவர்கள் பார்த்தது 0.0001 சதவீதத்துக்கும் குறைவு. அதிலேயே 190 ஆஸ்திரேலியக் குழந்தைகள் சிக்கினார்கள். சாதாரணமாக இணையத்தில் தேடினால் கிடைக்காத படங்கள்கூட அங்கே இருந்தன. பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஆண்டுவிழாப் படம் ஏற்றும்போது கீழே பெயர்ப் பட்டியலும் போடுகிறோமே, ‘இடமிருந்து வலமாக’ என்று, அதன் கதியும் இப்படி ஆகலாம்.

சாதாரணப் படம் ஒன்று தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஸ்பெயினில் பார்த்தார்கள். 2023 செப்டம்பர், அல்மென்ட்ராலெகோ என்ற சின்ன ஊர். பதின்ம வயதுப் பையன்கள் தங்களோடு படிக்கும் பெண் பிள்ளைகளின் சாதாரணப் படங்களை எடுத்து, ஒரு ஆப் மூலம் ஆடையில்லாதது போல மாற்றி, குரூப்புகளில் சுற்றவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 11 வயதுப் பிள்ளையும் இருந்தாள். மறு ஆண்டு 15 சிறார்களுக்கு நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அந்த ஆப்புக்குத் தேவைப்பட்டது ஒரு முகம், அவ்வளவுதான்.

உடம்புக்கு வருகிற ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. மைக்ரோ எஸ்.டி. கார்டு கட்டைவிரல் நகம் அளவுதான், வாயில் போய்விடும். கழுத்தில் மாட்டும் வாரோடு சறுக்குமரத்தில் ஏறினால் வார் சிக்கிக் கழுத்தை இறுக்கும். மணிக்கட்டில் மாட்டும் கயிறு போதும். பேட்டரி உப்பியிருந்தால் அந்தக் கேமராவை அன்றோடு மூட்டை கட்டுங்கள். ரிமோட்டிலும் விளையாட்டுக் கேமராக்களின் சில பாகங்களிலும் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரிதான் எமன். விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்கிறேன், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கிறேன் என்று நேரம் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, கையெழுத்து வாங்கிவிட்டோமே என்பார்கள். அட்மிஷன் ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘பள்ளி எடுக்கும் படங்களைப் பயன்படுத்தச் சம்மதம்’ என்று ஒரு வரி. எந்தப் படம், எதற்கு, எங்கே, எத்தனை நாளைக்கு? ஒன்றும் இருக்காது. 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது, குழந்தைகள் விஷயத்தில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். எந்தப் பள்ளிக்கு எந்த விலக்கு என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். படம் எடுப்பதற்குப் பள்ளிக்குள்ளேயே ஒரு விதி வேண்டும் என்று புரிய இங்கிலாந்தில் ஒரு கசப்பான அனுபவம் தேவைப்பட்டது. 2009-ல் பிளிமத் நகரின் மழலையர் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த பெண் ஊழியரே பச்சைக் குழந்தைகளைத் தகாத விதத்தில் போனில் படமெடுத்து அனுப்பியது வெளியானது. இன்று அங்கே போன், கேமரா பயன்பாட்டுக்கு எழுத்துபூர்வமான விதி இல்லாமல் எந்த மழலையர் பள்ளியும் நடக்க முடியாது. நம் பள்ளிகளில் போன் ஒழுங்குமுறை என்றால் பிள்ளைகள் போன் கொண்டு வரக்கூடாது என்பதோடு முடிந்துவிடுகிறது. பெரியவர்கள் கையில் இருக்கும் போனைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பள்ளிக்கென்று ஒரே கேமரா, நெட் இல்லாதது, மாலையில் ஹெச்.எம். பீரோவில் பூட்டு. என் போன் கைப்பையை விட்டு வெளியே வராது. குரூப்பில் குழந்தை முகம் போடுவதில்லை. அம்மாக்களுக்குப் பார்க்க ஆசையாக இருந்தால் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்டிய படங்களை நேரில் வந்து பார்க்கலாம். முதலில் கோபித்துக்கொண்டவர்கள்தான் இப்போது முறுக்கும் கொண்டு வருகிறார்கள். அலுவலகத்துக்குப் படம் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் பின்பக்கமிருந்து எடுக்கிறேன். பின்னல், ரிப்பன், குனிந்த தலைகள், பயறைத் தொடும் பிஞ்சு விரல்கள். இதுவரை யாரும் ‘முகம் எங்கே?’ என்று திருப்பி அனுப்பவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி. ஆளைப் படம் எடுக்கும் முன், “எடுக்கட்டுமா?” என்று கேட்க வேண்டும். “வேணாம்” என்றால் கேமராவைக் கீழே இறக்கிவிட வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். நாங்கள்தான் பழகவில்லை. போன மாதம் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், பிள்ளைகள் கோலப்பொடியில் வட்டம் போடுவதைப் பார்த்து மகிழ்ந்துபோய் போனைத் தூக்கினார். முன்வரிசைப் பெண் ஒருத்தி நிமிர்ந்து, “சார், நீங்க இன்னும் கேக்கல” என்றாள். ஹெச்.எம். முகம் வெளிறிவிட்டது. அதிகாரி சிரித்துக்கொண்டே, “எடுக்கட்டுமாம்மா?” என்றார். அவள் கொஞ்சம் யோசித்து, “கோலத்த எடுத்துக்கங்க” என்றாள்.

பெற்றோருக்கு ஒன்று. உங்கள் குழந்தையின் படம் எங்காவது தவறாகத் தெரிந்தால் சண்டைக்குக் கிளம்பும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், லிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபாசமாக மாற்றப்பட்ட படமாக இருந்தால் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாமல், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ 1930 எண்ணிலோ சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழ்நாட்டில் பள்ளி சம்பந்தப்பட்ட புகாருக்கு 14417.

அந்த பேனரைக் கழற்றச் சொன்னார்கள் என்று சொன்னேன் இல்லையா? கழற்றியதோடு நானும் நிம்மதியாக இருந்தேன். போன ஐப்பசி மழையில் சந்தைக்குப் போனபோது ஒரு கீரைக்கார அம்மா தள்ளுவண்டிக்கு மேலே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார். நல்ல கெட்டித்தாள், தண்ணி இறங்காது என்று யாரோ கொடுத்தார்களாம். கீரை வாங்கக் குனிந்து நிமிர்ந்தேன். தலைகீழாகத் தொங்கியது அந்த முகம், முன்பல் இல்லாத சிரிப்பும் நாலாம் நம்பர் கொட்டாங்குச்சியுமாக. பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. பல் எல்லாம் முளைத்துவிட்டது.